குண்டு மண்ணில் ஏறிய நாள்

மூன்றடைப்பு ஊரைத் தாண்டும்போது வலதுகால் செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி வேலியோரம் போட்டுவிட்டு நடந்தேன். அவை அப்பாவின் பழைய செருப்புகள். என் சொந்தச் செருப்பை அதற்கு இரண்டு மாதம் முன்பே துண்டு துண்டாக வெட்டியிருந்தேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். நாகர்கோவில் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. உடைமரங்கள் நிறைய உண்டு, ஆனால் அவற்றின் நிழல் ரோட்டுவரை வராது. ஓரத்து மண்ணில் நடந்தால் முள், தாரில் நடந்தால் சூடு. மாறி மாறி நடந்தேன். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். தலை நரைத்திருக்கும், மூட்டு வலிக்கும். தெருவுக்கு முதன்முதலாகக் கேபிள் ஒயர் வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். முருங்கை மரத்திலிருந்து மாடிச் சுவருக்கும் மாடிச் சுவரிலிருந்து விளக்குக் கம்பத்துக்கும் கறுப்பாகத் தொங்கும். எங்கள் கதை அந்த ஒயரில்தான் தொடங்கியது.

எங்கள் ஊர் ஆற்றுக்குத் தெற்கே. பெயர் வேண்டாம். மேலப்பாளையத்துக்கு நடந்தே போய்விடலாம், அந்த அளவு போதும். தறிச் சத்தமும் பீடிப் புகையிலை நெடியும் எல்லாத் தெருவிலும் இருந்தன. எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றினாள். என் கூட்டாளி வீட்டில் அவனுடைய உம்மா சுற்றினார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடையிலிருந்துதான் இலை வந்தது. அப்பா எங்கள் கிராமத்துக்குத் தலையாரி. ஊரில் எது நடந்தாலும் கிராம அலுவலகத்தில் போய்ச் சொல்வது அவர் வேலை. காக்கி நிறத்தில் ஒரு துண்டு வைத்திருந்தார். அரசாங்கம் தந்தது இல்லை, அவராக வாங்கியது.

கூட்டாளிக்கு வாப்பா இல்லை. அண்ணன் ஒருவர்தான். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டின் முன்னறையில் காக்கா டிவி, டேப் ரெக்கார்டர் பழுது பார்த்தார். பழுது நீக்கிய டிவியை உடனே கொடுக்க மாட்டார். "ஒரு பகல் முச்சூடும் ஓடட்டும். ஓடுனாத்தான் சீக்கு வெளிய வரும்" என்பார். அதனால் அந்த அறையில் எப்போதும் யாருடைய டிவியாவது ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அப்படி ஓடவிட்ட டிவி ஒன்றில்தான் அந்தச் சண்டையைப் பார்த்தோம். ஏதோ வெளிநாட்டுச் சேனல். இரும்பு மிஷின்கள் ஒன்றோடொன்று மோதின. ரம்பம் சுழன்றது, பொறி பறந்தது, வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். மற்றவையெல்லாம் சக்கரத்தில் ஓட, ஒன்று மட்டும் ராணுவ டாங்கி மாதிரிப் பட்டையில் ஓடியது. அது அவசரப்படவில்லை. பையப் பைய வந்து எதிரியை முட்டித் தள்ளிக்கொண்டுபோய்க் குழியில் போட்டது. அதற்கு அங்கே பெரிய பெயர் போலிருக்கிறது. அதன் தலை தெரிந்தாலே கூட்டம் ஆர்ப்பரித்தது. அறிவிப்பாளன் அதன் பெயரைத் தொண்டைக்குள் போட்டு உருட்டினான், எங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"பாத்தியாலே? சக்கரம்னா மண்ணுல பொதையும். பட்டைன்னா ஏறிரும்" என்றான் கூட்டாளி.

"நாம ஒண்ணு செய்வமா?"

காக்கா ஈயம் பற்றவைக்கும் கோலிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்: "செய்யுங்க, செய்யுங்க. மொதல்ல என் திருப்புளிய எடுத்த எடத்துல வையுங்கலே."

செய்ய ஒரு காரணமும் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவனுக்குத் துபாயிலிருந்து ரிமோட் கார் வந்திருந்தது. சிவப்பு நிறம். அதை அவன் எங்கள் காலில் வந்து மோதவிடுவான். மோதிவிட்டு, "வழியில நிக்காதிய வே" என்பான். அவனையும் நாங்கள் துபாய் கார் என்றே கூப்பிட்டோம்.

பட்டைக்குத்தான் அதிகம் பாடுபட்டோம். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் வழுக்கிக் கழன்றது. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழைய சைக்கிள் செயின் எடுத்து, அவற்றின் மேல் ரப்பர் துண்டுகளைக் கம்பியால் வரிசையாகக் கட்டினோம். ரப்பருக்குத்தான் என் செருப்பு போனது. அடியும் வாரும் நீலமான ஹவாய் செருப்பு. ஒரு செருப்பில் பதினோரு துண்டு வந்தது. அந்த ரப்பரை வெட்டும்போது வந்த வாசம், வேர்வையும் புழுதியும் கலந்த என் சொந்தக் கால் வாசம், எனக்கு இன்றும் வரும். லாரி உடைக்கிற இடத்தில் கண்ணாடி துடைப்பானின் மோட்டார் இரண்டு கிடைத்தன. உடம்புக்குப் பால்பவுடர் டின். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய டின். அதைப் படுக்கப்போட்டு, இருபுறமும் பட்டையை மாட்டி நிறுத்தியபோது உம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னலே இது, புள்ளத்தாச்சி மாதிரி குண்டா நிக்கி?"

அன்றிலிருந்து அதன் பெயர் குண்டு. குண்டுக்கு ஒயர் வெட்டியாச்சா, குண்டு சாஞ்சுட்டு, குண்டை மூடி வைலே. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்போம். உம்மாவும் சொன்னார். "இந்தக் குண்டைத் தூக்கி அங்கன வையுங்க, முறம் வைக்க எடம் இல்ல."

சண்டை மிஷின் என்றால் முன்னால் ஆயுதம் வேண்டும். வீட்டிலிருந்து அம்மாவின் கத்திரியை எடுத்துக்கொண்டு போனேன். பீடி இலை வெட்டுகிற கத்திரி. விரல் உறுத்தாமல் இருக்கப் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருப்பாள். அதைக் குண்டின் மூக்கில் விரித்து வைத்துக் கட்டினோம். அம்மா இரண்டு நாள் தேடினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி அவளோடு பேச்சை நிறுத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காக்காவுக்கு ரியாத்தில் வேலை வந்திருந்தது. ஏசி மெக்கானிக். அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளம்பிப் பம்பாய் போய் அங்கிருந்து விமானம். அந்த வேலையை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் நடந்தது. ஒழுகுகிற ஓட்டை மாற்றுவது, உம்மா பீடித் தட்டைக் கீழே வைப்பது, கூட்டாளி மேலே படிப்பது. கடையை ஒழிக்கிறபோது ஒரு ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கி எங்களிடம் கொடுத்தார்.

"நான் போனப்பொறவு இது இங்கன கெடந்து என்ன செய்ய? வச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு, எடது மோட்டார் தேஞ்சது. ஒரு பக்கமா இழுக்கும் பாரு."

"இழுக்காது காக்கா" என்றான் கூட்டாளி.

"இழுக்கும்லே. பந்தயம். ஞாயித்துக்கிழமை நானும் வந்து பாக்கேன். மண்ணுல ஏறுதான்னு பாத்துட்டுத்தான் பிளேன் ஏறுவேன்."

ஞாயிற்றுக்கிழமை துபாய் காரோடு போட்டி. இடம் ஆற்றுப் பாலத்துக்கு அடியில். அங்கேதான் மணல் மேடாகக் கிடக்கும். கார் புதையும், குண்டு ஏறும் என்பது எங்கள் கணக்கு. கூட்டாளி பள்ளிக்கூடத்தில் வேறு பிரிவு. வெள்ளிக்கிழமை காலை இடைவேளையில் ஒரு பையன் வழியாகச் சீட்டு அனுப்பினான்.

"குண்டு முடிஞ்சது. பேட்டரி காக்கா தந்துட்டார். ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு ஆத்துப் பாலத்துக்குக் கீழே வைப்போம். யாரிடமும் சொல்லாதே."

போட்டி வைப்போம் என்று எழுத வேண்டும். போட்டியை விட்டுவிட்டான். எனக்கு அது தோன்றவே இல்லை. செருப்புப் பட்டையைப் பற்றித் துபாய் காருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். எங்கேயோ ஓர் ஊரில் வெடித்தால் எங்கள் பக்கம் பஸ்ஸில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சில ஊர்ப் பெயர்களைச் சொன்னால் இரண்டு தடவை திறக்கச் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை அம்மா சட்டையை ஊறவைக்க எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "பள்ளிக்கூடத்துச் சீட்டு போல, என்னன்னு பாருங்க" என்று அப்பாவிடம் நீட்டினாள். அப்பா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"எவம்லே எழுதினது?"

சொன்னேன்.

"அவனா. டிவிக்கடைக்காரன் தம்பியா?"

"அப்பா, அது குண்டுதான். ஆனா குண்டு இல்லப்பா."

அடி காதோடு விழுந்தது. எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இப்போது உட்கார்ந்து யோசித்தாலும் அந்த ஒரு மூச்சில் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அப்பா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. கேக்கியா? எவன் கேட்டாலும் தெரியாது. ஒன்னையும் சேத்து கேஸ் எழுதிட்டான்னா ஒன் வாழ்க்கையே போச்சு." காக்கித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

பத்து மணிக்கு என்னையும் கூட்டிப் போனார். காக்காவும் கூட்டாளியும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காக்காவின் பாஸ்போர்ட் மேஜைமேல் கிடந்தது. கூட்டாளி என்னைக் கண்டதும் பாதி எழுந்துவிட்டான்.

"சார், இவன்தான். இவன்ட்ட கேளுங்க சார். வெளாட்டுச் சாமான் சார் அது. இவனும் நானும் சேந்துதான் செஞ்சோம்."

ஏட்டு என்னைப் பார்த்தார். "இந்தச் சீட்டு ஒன் பையில எப்படிலே வந்துச்சு?"

அப்பா முந்திக்கொண்டார். "தெருவுல கெடந்ததப் பொறுக்கிட்டு வந்திருக்கான்யா."

"நீரு சும்மா இரும் வே. பய சொல்லட்டும். குண்டுன்னா என்னலே?"

பால்பவுடர் டின் என்று சொல்லியிருக்கலாம். செருப்பைக் காட்டச் சொன்னால் வெறும் காலைக் காட்டியிருக்கலாம். கூட்டாளி சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், மாட்டியவன் அப்படித்தான் சொல்வான் என்பார்கள். தலையாரி மகன் சொன்னால் நம்பியிருப்பார்கள். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். அப்பா என் பிடரியில் கை வைத்திருந்தார்.

"தெரியாது" என்றேன்.

கூட்டாளி மறுபடி உட்கார்ந்தான். காக்கா என்னைப் பார்த்த மாதிரியே இல்லை. தரையில் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டைப் போலீஸ்காரர்கள் கூட்டாளி வீட்டிலிருந்து தனியாகக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஸ்டேஷனுக்கும் பின்னாலிருந்த பொட்டலில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் மண்ணைக் குவித்து மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். ஊரே தூரத்தில் நின்றது. தலையாரி என்பதால் அப்பா முன்னால் நின்றார், பக்கத்தில் நான். இரண்டு போலீஸ்காரர்கள் நீள மூங்கிலின் நுனியில் கொக்கி கட்டி, ஒயரைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். ஒயரின் கடைசியில்தான் எங்கள் சுவிட்ச் பலகை. கொக்கி பலகையில் இடித்தது.

குண்டு ஓடத் தொடங்கியது.

போலீஸ்காரர்கள் மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவருடைய தொப்பி விழுந்தது. கூட்டம் சிதறியது. கிழவி ஒருத்தி அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் மட்டும் நகரவில்லை. குண்டு பையப் பைய வந்தது. கரகரவென்று செயின் சத்தம். மண்மேட்டின் அடியில் மூக்கு முட்டி நின்றது. நீல ரப்பர் துண்டுகள் மண்ணை வாரிப் பின்னால் தள்ளின. பிறகு மூக்கு மேலே எழுந்தது. ஏறியது. சற்று இடப்பக்கமாக இழுத்தபடி, மேட்டின் உச்சிவரை ஏறி வந்து எங்களைப் பார்த்து நின்றது. முன்னால் கத்திரி வெயிலில் மின்னியது. பிடியில் சிவப்புத் துணி.

என் பிடரியிலிருந்த அப்பாவின் கை இறுகியது. பிறகு மெல்ல விட்டது.

அவர் கத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துணி அம்மாவின் பழைய ரவிக்கையில் கிழித்தது. அவருக்குத் தெரியாமல் இருக்காது. பத்தடி தூரத்தில் ஏட்டு நின்றார். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பைய வா. வீட்டுக்குப் போவம்" என்றார்.

நாங்கள் திரும்பும்போது ஒருவர் குண்டைக் கட்டையால் அடிக்கும் சத்தம் கேட்டது. டின் நசுங்கும் சத்தம். பிறகு சிரிப்பு. பொம்மைதான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "மேல எழுதியாச்சு. மேலயிருந்து பதில் வராம விட முடியாது. இன்னைக்குப் பொம்மை. எதுக்குப் பழகுதானுவளோ?" என்றாராம் பெரிய அதிகாரி. கூட்டாளியைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். காக்காவை வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அப்பா புதுக் கத்திரி வாங்கி வந்தார். உட்கார்ந்து பிடியில் சிவப்புத் துணியை அவரே சுற்றினார். அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஸ்டேஷன் இருக்கிற தெருவரை போவேன். முக்கில் ஒரு சர்பத் கடை இருந்தது. அதைத் தாண்டிக் கால் போகாது. வியாழக்கிழமை வந்தது. பம்பாய் ரயில் நேரம் எனக்குத் தெரியும், காக்கா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் சர்பத் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர், "என்னடே, யாருக்காவது காத்திருக்கியா?" என்றார். இல்லை என்றேன்.

ஒன்பதாம் நாள் காக்காவை விட்டார்கள். விசாவின் கெடு முடிந்திருந்தது. பாஸ்போர்ட்டை உடனே தரவில்லை. பிறகு எத்தனை தடவை எழுதிப் போட்டும் ஸ்டேஷன் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றும், அவர் கடைசிவரை எங்கும் போகவில்லை என்றும் பல வருடம் கழித்து நான் கூடங்குளத்தில் வேலை செய்யும்போது எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். உம்மா கடைசிவரை பீடிதான் சுற்றினாராம். கூட்டாளியைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

காக்கா வந்த மறுநாள் காலையில், அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். வாசலில் கூட்டாளி நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வார்த்தைலே" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான்.

காக்கா முன்னறையில் இருந்தார். கடையை ஒழித்துவிட்டதால் அறை வெறுமையாக இருந்தது. டிவி எதுவும் ஓடவில்லை. முகம் வீங்கி, ஓர் உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"ஓடிச்சாமே?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"நான் உள்ள இருந்தேம்லா. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. மண்ணுல ஏறிச்சா?"

"ஏறிச்சு காக்கா. உச்சி வரைக்கும்."

"எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

"எடது பக்கம்."

"சொன்னேம்லா" என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு வலித்திருக்கும் போல, கையால் தொட்டுக்கொண்டார். "எடது மோட்டார் தேஞ்சதுன்னு சொன்னேம்லா."

உள்ளே உம்மா கத்திரியால் இலை வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்தேன். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முக்கில் திரும்பவில்லை. நேரே போனால் நாகர்கோவில் ரோடு. வழியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் தெரிந்தது. கொடியில் அப்பாவின் காக்கித் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

நாங்குநேரி தாண்டி ஒரு செங்கல் லாரி ஏற்றிக்கொண்டது. வள்ளியூரில் இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் பசித்தது. டீக்கடையில் ஒருவர், கல்குவாரிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வழி கேட்டு நடந்தேன்.

குவாரியின் ஓரத்தில் அது நின்றது. மண் அள்ளும் பெரிய இயந்திரம். சக்கரம் கிடையாது. இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பட்டை. அதை ஓட்டுபவர் நிழலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செருப்பு கூட இல்லாம வந்திருக்கியேலே. செயின் வண்டியப் பத்தி ஏதாவது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

"எப்படிலே தெரியும்?"

"கூட்டாளியும் நானும் ஒண்ணு செஞ்சோம்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் கிடந்த கடப்பாரையை என் பக்கம் தள்ளினார். "அப்ப சரி. செயின் பல்லுக்கு எடையில மாட்டியிருக்க கல்லையும் மண்ணையும் நோண்டி எடு. ஒம்பது மணிக்கு வண்டி ஓடணும்."

கடப்பாரை கையைவிடக் கனமாக இருந்தது. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தேன். இடதுபக்கச் செயின் சற்றுத் தொய்ந்திருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன்.